பிரேக் இல்லாத செயின்சோவைத் தொடாதீர்கள்



சவுக்கு மரம் வெட்டப் போகும் நம் ஆட்களிடம் முக்கியமாக ஒன்றைச் சொல்ல வந்தோம். செயின்சோவின் முன் கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தகடு வெறும் மறைப்பல்ல, அதுதான் பிரேக். ஓடும் வாளின் நுனியில் மேல்பக்கம் எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் மெஷின் முகத்துக்கு எகிறும். அந்த நேரம் தகடு சாய்ந்து சங்கிலி நிற்க வேண்டும். "தகடு உடைந்தால் என்ன, மெஷின் ஓடுதே" என்று ஒரு கொந்தரப்புக்காரர் எங்களிடமே சொன்னார். எகிறப்போவது அவர் முகத்துக்கு அல்லவே!

தினமும் வெட்டுமுன் பிரேக்கைப் போட்டுப் பாருங்கள். இடதுகைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றியே இருக்கட்டும். தோளுக்கு மேல் வாளைத் தூக்காதீர்கள். சீவலுக்குப் பதில் தூள் வந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. அழுத்தாமல், நிறுத்தி அரம் போடுங்கள். சூடு ஆறிய பிறகே பெற்றோல் ஊற்றுங்கள், பீடி தூரத்தில் இருக்கட்டும். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் கொழுந்தெடுக்கும் பெண்கள் யாரும் நிற்கக்கூடாது.

அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் செக்றோலில் பேர் இல்லாதவர், தான் வேலை செய்ததையே நிரூபிக்க அலைய வேண்டிவரும். பேர் போடாமல் மலைக்கு ஏறாதீர்கள்.

பிரேக் பழுதென்றால் பெரட்டுக்களத்திலேயே சொல்லி, மெஷினைக் கீழே வையுங்கள். தகராறு வந்தால் ஆளனுப்புங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வந்துவிடுவோம்.