கழுவிய கிளாஸும் குடித்த கிளாஸும்



இந்த மாதப் பேச்சு வைனைப் பற்றியது. குடியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருப்பதுதான் நல்லது. ஆனால் எங்கள் வீடுகளில் இப்போது போத்தல் தானாகவே வந்து சேருகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அவர்களுடைய கியூபெக் சிநேகிதர்கள் சாப்பிட வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை. நாங்களும் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது என்ன வாங்குவது என்று தெரியாமல் கடையில் முழிக்கிறோம். அந்த முழிப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

நான் 1987இல் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கியவன். மூன்றாம் மாதமே நகர மத்தியில் ஒரு றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் வைன் கிளாஸ்கள் வரத் தொடங்கும். மெசினில் போட விடமாட்டார்கள். கையால் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணியால் துடைக்க வேண்டும். தண்டு உடைந்தால் சம்பளத்தில் வெட்டு. மூன்று வருடம் அப்படிக் கழுவினேன். ஒரு நாள் ஒரு கிளாஸின் அடியில் நல்லதொரு வாசம் வந்தது. இது என்ன வைன் என்று பரிசாரகரிடம் கேட்டேன். "உனக்கு அது தேவையில்லை" என்றார். அதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. அந்தப் பதில் முப்பது வருடம் எனக்குள் இருந்திருக்கிறது என்பது என் மகளின் வருங்கால மாமனார், மாமியார் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கு நான் எஸ்.ஏ.கியூ. கடையில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். உதவிக்கு வந்த பிள்ளையிடம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் விலையைப் பார்த்து 58 டொலருக்கு ஒரு போர்தோ சிவப்பு வைன் வாங்கிக்கொண்டு வந்தேன். மனைவி நண்டுக் குழம்பு வைத்திருந்தா, முருங்கையிலையும் போட்டு, எங்கள் மிளகாய்த்தூளில். ஒரு வாய் குழம்பு, ஒரு மிடறு வைன். சாயம் முற்றிய தேத்தண்ணியில் மிளகாயைக் கரைத்ததுபோல இருந்தது. வந்தவர்கள் மரியாதையானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்ச் சாடி இரண்டு தரம் நிரப்பப்பட்டது. போத்தலில் பாதி மிஞ்சியது. "அப்பா, விலையைப் பார்த்தா வாங்கினீங்கள்?" என்று மகள் பிறகு கேட்டாள். ஓம் என்றேன்.

அந்த வைனில் பிழை இல்லை, சோடி சேர்த்ததில்தான் பிழை. சிவப்பு வைனில் முந்திரிகைத் தோலிலும் விதையிலும் இருந்து இறங்கும் ஒரு பொருள் உண்டு, ரனின் என்பார்கள். அதை விளக்க வெள்ளைக்காரர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். எங்களுக்கு ஒரு சொல் போதும்: துவர்ப்பு. பாக்கும் வாழைப்பூவும் நாக்கைப் பிடிக்கிற அதே பிடி. உறைப்போடு துவர்ப்புச் சேர்ந்தால் இரண்டும் கூடித் தெரியும். மதுசாரமும் உறைப்பின் எரிவைக் கூட்டும். ஆகவே 14 வீத மதுசாரமுள்ள துவர்ப்பான சிவப்பு வைன், எவ்வளவு விலை கொடுத்தாலும், எங்கள் குழம்புக்கு எதிரிதான். குளிரான, கொஞ்சம் புளிப்பான, இலேசாக இனிக்கிற, மதுசாரம் குறைந்த வைன்தான் உறைப்பை அடக்கும். அந்த வகைகள் பெரும்பாலும் மலிவானவை. இது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சனிக்கிழமை நாலு குடும்பம் எங்கள் வீட்டில் கூடினோம். ஆறு போத்தல், ஒன்றும் 20 டொலருக்கு மேல் இல்லை. எல்லாவற்றையும் பேப்பரால் சுற்றி இலக்கம் போட்டோம். மேசையில் இறால் பொரியல், இடியப்பம், சொதி, நண்டு, ஆட்டிறைச்சிப் பிரட்டல். மச்சாள்மார் இருவர் முந்திரிகைச் சாறுதான் குடித்தார்கள். ஆனால் மணந்து பார்த்து அபிப்பிராயம் சொல்வதில் அவர்கள்தான் முன்னுக்கு நின்றார்கள்.

முதலாவது போர்த்துக்கல்லின் வின்யோ வேர்டே. மதுசாரம் 9 வீதம்தான். நாக்கில் மெல்லச் சுரசுரக்கும். தேசிக்காய்ப் புளி போட்ட இறாலுக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். இரண்டாவது ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கு றீஸ்லிங். இனிப்பும் புளிப்பும் சரிசமம். நண்டுக் குழம்புக்கு முன்னால் அசையாமல் நின்றது இது ஒன்றுதான். மூன்றாவது சிலியின் சோவினியோன் பிளாங். கிளாஸை மூக்கடியில் வைத்ததும் ஒரு மச்சாள் "கொய்யாப்பழம்!" என்றா. மற்றவ "இல்லை, கொடித்தோடை" என்றா. பெரிய நிபுணர்களும் இந்த இரண்டு பழங்களையும்தான் சொல்லுகிறார்கள். அவர்கள் புத்தகத்தில் படித்ததை எங்கள் ஆட்கள் வளவிலே பறித்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். நாலாவது போர்த்துக்கல்லின் றோசே. நல்ல குளிரில் இடியப்பத்தோடும் சொதியோடும் பரவாயில்லை, தனியே குடித்தால் சப்பென்று இருந்தது.

ஐந்தாவது ஆர்ஜென்ரீனாவின் மல்பெக். நாவற்பழ நிறம், நாவற்பழ வாசம். குழம்போடு எடுபடவில்லை, ஆட்டிறைச்சியோடு தப்பித்தது. ஆறாவது அவுஸ்திரேலிய சிராஸ். அதில் மிளகு மணத்தது. யாரோ மிளகுத்தூள் கொட்டிவிட்டார்கள் என்று பகிடி பண்ணினோம். பகிடி இல்லையாம். மிளகில் இருக்கும் றொட்டண்டோன் என்ற அதே வாசப்பொருள் சிராஸ் முந்திரிகையிலும் இருப்பதை அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள்.

இனிக் கடை விசயம். எஸ்.ஏ.கியூ.வின் மூலம் 1921இல் மாகாண அரசு தொடங்கிய மது ஆணைக்குழு. இன்றைக்கும் அரசின் சொத்துத்தான், இலாபமும் அரசுக்கே. கோட்-டெ-நேஜிலும் கஸ்பேயிலும் ஒரே விலை, ஆகவே கடை கடையாக அலைய வேண்டாம். விலைச் சீட்டோடு வட்டமான நிறக் குறி ஒன்று இருக்கும். அதுதான் சுவை வகை. வெள்ளையில் "பழச்சுவை, துடிப்பு" என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதை எடுத்தால் எங்கள் சாப்பாட்டுக்குப் பெரும்பாலும் பிழைக்காது. கடையின் இணையத்தளத்தில் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் சீனி என்றும் போட்டிருப்பார்கள். நீரிழிவுக்காரர் பலர் இருக்கும் சமூகம் நாங்கள், அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நாலு கிராமுக்குக் குறைவென்றால் இனிப்பில்லாத வைன். பெயர்போன சில மலிவுச் சிவப்புகளில் பத்துக் கிராமுக்கு மேல் இருக்கிறது. மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள், மதுசாரம் சிலருக்குச் சீனியைத் திடீரென்று இறக்கிவிடும்.

டெப்பனர் கடை வைன்? 1978இலிருந்து அங்கும் விற்கலாம். பெரும்பாலும் பெரிய கொள்கலனில் கொண்டுவந்து கியூபெக்கில் போத்தலில் அடைத்தது. 2016 கடைசி வரைக்கும் எந்த முந்திரிகை என்று போத்தலில் எழுதவும் சட்டம் விடவில்லை. அவசரத்துக்குச் சரி. அதே காசுக்கு எஸ்.ஏ.கியூ.வில் கூடத் தெரிவு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

உள்ளூர் வைனையும் ஒருமுறை பாருங்கள். டன்ஹம் ஊரில் லோர்பையர் என்ற தோட்டத்தை 1982இல் நட்டார்கள். பனிக்காலத்துக்கு முன் கொடியின் அடிக்கு மண் அணைத்து மூடி, வசந்தத்தில் திரும்ப மண்ணை விலக்குகிறார்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்தவர்களுக்கு அந்த வேலையின் பாரம் விளங்கும். ஊரிலே முந்திரிகைப் பந்தல் போட்டவர்களும், தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லிரசம் குடித்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். வைன் எங்களுக்கு முழுக்க அந்நியமான பண்டமில்லை.

ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 142 மில்லிலீற்றர் ஒரு அளவு, ஒரு போத்தலில் ஐந்து அளவு. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டலின்படி வாரத்துக்கு இரண்டு அளவு வரை ஆபத்துக் குறைவு. மூன்றிலிருந்து மார்பு, குடல் புற்றுநோய் ஆபத்து ஏறத் தொடங்கும். ஏழிலிருந்து இதயமும் சேரும். பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரே அறையில் என்னோடு இருந்த அண்ணை ஒருவர் இந்தக் கணக்கெல்லாம் தெரியாதவர். பனிக்காலத்தில் தனியே, கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாடும் இல்லாமல் விஸ்கி குடிப்பார். ஐம்பத்திரண்டு வயதில் ஈரல் போய்விட்டது. அதனால்தான் மனைவி பிள்ளைகளுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில், எண்ணக்கூடிய கிளாஸில் குடிப்பது பற்றிப் பேசுகிறேன். கராஜுக்குள் ஒளித்துக் குடிப்பவர்களுக்கு இந்தப் பேச்சில் ஒன்றுமில்லை.

அந்தச் சனிக்கிழமை முடிவில் பேப்பரைக் கழற்றினோம். கூடுதல் வாக்கு வாங்கியது இரண்டாம் இலக்க றீஸ்லிங். அடுத்தது வின்யோ வேர்டே, ஆறிலும் மலிவானது அதுதான். பிறகு சம்பந்தி வீட்டார் வந்தபோது றீஸ்லிங்கைத்தான் வைத்தேன், அதே நண்டுக் குழம்போடு. சம்பந்தியம்மா குடித்துவிட்டு, "இது என்ன வைன்?" என்று என்னைக் கேட்டா. சொன்னேன், எந்த நாடு, எந்த ஆற்றங்கரை, என்ன முந்திரிகை என்று எல்லாம் சொன்னேன். அன்றிரவு கிளாஸ்களை நானே கழுவினேன்.