முள்ளுக்கு அடியில் இருப்பது யார் நிலம்?

(பெரியகுளம் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே,

கிராவல் பள்ளத்தில் மண்டிக் கிடக்கிற முள்ளை ஒழிப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். என் அம்மா அந்தச் சீமைக்கருவேலத்தை வெட்டித்தான் அடுப்பெரித்தார். கையில் முள் தைத்த தழும்பில்லாத பெண் நம்ம சேரியில் உண்டா?

இது நம் மண்ணின் மரமல்ல, அமெரிக்கக் கண்டத்து மரம். 1870களில் வெள்ளைக்கார சர்க்கார் விறகுக்காக இங்கே விதைத்தது. அதே சர்க்கார் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை வைத்து 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. முள் நாடு பூராவும் பரவிவிட்டது. நிலமோ, கிடைத்ததும் கைவிட்டுப் போனது. அதை மீட்கப் போராடியபோது 1994இல் காரணை பிரச்சனையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள்.

மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போன பள்ளத்தில் வேறெதுவும் லேசில் பிடிக்காது. கருவேலம் பிடிக்கும். ஆடு மாடு நெற்றைத் தின்னும், விதை சாணியோடு விழுந்து முளைக்கும். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவுக்குப் பிறகு ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. ஆனால் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பத்துக் கிளை தழையும். அதனால் மழை பெய்து மண் இளகியதும் தூரைத் தோண்டி எடுக்கணும். அடுத்தடுத்த மழைக்கு வரும் கன்றுகளையும் விடாமல் பிடுங்கணும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னே பிடுங்கணும். வெறுங்கையால் தொட்டால் தோல் அரிக்கும், சிலருக்கு மூச்சு இழுக்கும். கையுறை கேட்டு வாங்குங்கள். காலியான இடத்தில் உடனே வேம்பு, புங்கன், ஆவாரை வையுங்கள். சும்மா போட்டால் திரும்பவும் முள்தான்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்த வேலை. "ஏப்பா, உங்க ஆளுகள விட்டு அந்த முள்ள அடிச்சுப் போடச் சொல்லு" என்று சொல்கிறவர்கள் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை. சுத்தமான பிறகு அந்த இடம் யாருக்குப் போகும் என்றும் சொல்வதில்லை. இதே பெரியகுளம் வட்டத்தில் சுமார் 182 ஏக்கர் அரசு நிலம் தனியார் பெயருக்குப் பட்டா மாறிய விவகாரம் 2021இல் வெளியே வந்தது. சிபிசிஐடி விசாரணை வரை போனது. கேட்பாரற்ற நிலம் என்று ஊர் நினைத்த இடத்தைக் காகிதத்தில் கவனித்துக்கொண்டு ஆள் இருந்திருக்கிறது!

ஆகவே கோடாரியை எடுக்கும் முன்னே சர்வே எண்ணை எடுங்கள். அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பழைய பதிவேட்டில் டி.சி. நிலம் என்றோ, நிபந்தனைப் பட்டா என்றோ இருக்கிறதா பாருங்கள். கூலியில்லாமல் கட்டாய வேலை வாங்குவதும், நம் நிலத்தை அபகரிப்பதும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாணவத் தோழர்கள் காகிதத்தைப் பிடியுங்கள், நாங்கள் கடப்பாறையைப் பிடிக்கிறோம்.

முள்ளை எடுப்போம். கூலியைக் கேட்போம். நிலத்தையும் கேட்போம்.