திருமணம் தாங்கும் அன்பு



கிறிஸ்தவர்களின் கோயில் கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து, தடை சொல்ல யாரும் இல்லை என்று ஆன பிறகு, மாப்பிள்ளையும் பெண்ணும் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். ஆயர் கேள்வி கேட்பார். சொந்தபந்தங்கள் எல்லாரும் பட்டுப்புடவையையும் புகைப்படக்காரரையும் பார்த்துக்கொண்டிருப்பதால், அந்தக் கேள்வி பெரும்பாலும் காதில் விழுவதில்லை. உனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று ஆயர் கேட்கமாட்டார். இவளை நேசிப்பாயா, நோயில் கிடந்தாலும் கையில் காசில்லாமல் போனாலும் கூட இருப்பாயா, உயிருள்ள நாளெல்லாம் வேறு யாரையும் நாடாமல் இருப்பாயா என்பதுதான் கேள்வி. அதே கேள்வி பெண்ணிடமும் போகும். 1549-இல் இங்கிலாந்துத் திருச்சபை வெளியிட்ட ஜெப நூலிலும் மாப்பிள்ளையிடம் கேட்கிற கேள்வி ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. கேட்பதெல்லாம் இனி வரப்போகிற நாள்களைப் பற்றி.

கிறிஸ்தவம் அன்பு என்று எதைச் சொல்கிறது என்பது இதிலேயே இருக்கிறது. இன்றைக்கு மனதில் பொங்குவது நாளைக்கும் பொங்கும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கூட இருப்பேன் என்று சத்தியம் செய்ய முடியும். செய்த சத்தியத்தைக் காப்பாற்றவும் முடியும்.

நம் ஊரில் இரண்டு நம்பிக்கைகள் உண்டு. காதலித்துக் கட்டிக்கொள்கிறவர்கள், அன்புதான் இருக்கிறதே, அதுவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். பெரியவர்கள் பார்த்து முடித்து வைக்கிற இடத்தில், தாலி கட்டியாகிவிட்டால் அன்பு தானாக வந்துவிடும் என்கிறார்கள். இரண்டிலும் அன்புக்காக யாரும் எதுவும் செய்யத் தேவையில்லை என்றாகிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்ல உங்களை 1943-ஆம் ஆண்டின் பெர்லினுக்கு அழைத்துப்போக வேண்டும்.

டீட்ரிஷ் போன்ஹோஃபர் ஜெர்மானிய லுத்தரன் போதகர். ஹிட்லரை எதிர்த்தவர். அந்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி அவரைக் கைது செய்து டேகல் ராணுவச் சிறையில் அடைத்தார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதி அவருடைய அக்காள் மகள் ரெனாட்டேக்கும், உயிர் நண்பர் எபர்ஹார்ட் பெத்கேக்கும் கல்யாணம். மாமன் சிறையில். அவர் அறைக்குள் உட்கார்ந்து மணமக்களுக்கு ஓர் அருளுரை எழுதினார். திருமணத்தைத் தாங்குவது உங்கள் அன்பு இல்லை, இன்றிலிருந்து உங்கள் திருமணம்தான் உங்கள் அன்பைத் தாங்கப்போகிறது என்பது அதன் சாரம். அன்பு இரண்டு பேருக்குச் சொந்தமானது. திருமணமோ கடவுள் உங்கள் கையில் கொடுத்த பொறுப்பு, அதற்கு உலகத்தில் ஓர் இடமும் வேலையும் உண்டு என்று அவர் விளக்குகிறார். மனம் வறண்டுபோகிற காலத்திலும் விழாமல் பிடித்து நிறுத்த வெளியே ஒன்று வேண்டும். கொடிக்குப் பந்தல் மாதிரி.

இதை எழுதியவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவர் கைதாவதற்கு மூன்று மாதம் முன்புதான் மரியா ஃபான் வெடமேயர் என்ற பதினெட்டு வயதுப் பெண் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்லியிருந்தாள். அவருக்கு அப்போது முப்பத்தாறு. மரியாவின் தகப்பனாரும் அண்ணனும் முந்தைய ஆண்டுதான் போர்முனையில் இறந்திருந்தார்கள். நிச்சயம் ஆன பிறகு இருவரும் பார்த்துக்கொண்டதெல்லாம் காவலர் முன்னிலையில், எண்ணி விட்ட நிமிடங்கள் மட்டும். கடிதங்களைத் தணிக்கை அதிகாரி படித்த பிறகுதான் இவர்கள் படிக்கலாம். அந்தப் பெண் தன் படுக்கையைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். ஏறக்குறைய அவருடைய சிறை அறை அளவுக்கு. அதற்குள் உட்கார்ந்தால் அவரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று அவருக்கே எழுதினாள். 1945 பிப்ரவரியில் அவரை பெர்லினிலிருந்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். மரியா குளிருக்கான உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டு, ரயிலிலும் கால்நடையாகவும் ஃப்ளாசன்பூர்க் வதைமுகாம் வரை போய்க் கேட்டாள். அவர் அப்போது அங்கே இல்லை. ஏப்ரல் 9-ஆம் தேதி அதே முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி மரியாவுக்குத் தெரிய ஜூன் மாதம் ஆனது.

பிற்காலத்தில் மரியா அமெரிக்கா போனார். கணிதம் படித்து, கணினித் துறையில் உயர்ந்த பொறுப்புக்கு வந்தார். இரண்டு முறை மணந்தார். இரண்டுமே மணமுறிவில் முடிந்தன. இதை மறைத்துவிட்டு அந்தக் காதல் கதையை மட்டும் சொல்வது அவருக்குச் செய்கிற நியாயம் ஆகாது. சாக்கட்டிக் கோட்டுக்குள் உட்கார்ந்து காத்திருந்த ஒருவருக்கே இல்லறம் இவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது என்றால், அன்பு ஆழமாக இருந்தால் போதும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்? பெத்கேயும் ரெனாட்டேயும் 2000-ஆம் ஆண்டு பெத்கே இறக்கும்வரை ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். தலைமகனுக்கு டீட்ரிஷ் என்றே பெயர் வைத்தார்கள்.

கல்யாண அழைப்பிதழ்களில் அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரத்திலிருந்து வசனம் போடுகிறோம். அந்த அதிகாரம் எந்தக் கல்யாணத்துக்காகவும் எழுதப்பட்டதில்லை. கொரிந்து சபையார் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போனார்கள். திருவிருந்தில் வசதியுள்ளவன் முதலில் வயிறு நிறையச் சாப்பிட, ஏழை பசியோடு நின்றான். அவர்களைத் திருத்தத்தான் பவுல் அன்பு எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதினார். பொறுத்துக்கொள்ளும், பெருமை பேசாது, மற்றவர் செய்த தீங்கைக் கணக்கு வைக்காது. இந்தக் கடைசிக் குணம் ஒன்றுக்கே ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். கல்யாணத்தன்று பந்தியில் யார் முகம் கொடுக்கவில்லை, சம்பந்தி என்ன சொன்னார் என்பதைப் பதினைந்து வருடம் கழித்தும் சண்டையில் எடுத்துப் போடுகிற வீடுகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

இனி, இந்தப் போதனையை நம் சபைகள் வளைத்து வைத்திருக்கிற இடத்துக்கு வருகிறேன். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் கடிதத்தின் 5-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். மனைவிக்குச் சொன்ன வசனத்துக்கு முந்தைய வசனம் எல்லாரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. அதை வாசிக்க மறந்துவிடுவார்கள். அந்த அதிகாரத்தில் மனைவிக்குச் சொன்னதைவிடக் கணவனுக்குச் சொன்னது இரண்டு மடங்குக்கு மேல். கிறிஸ்து தம் உயிரைக் கொடுத்ததுபோல் நீ உன் மனைவிக்காக உன்னைக் கொடு என்கிறார் பவுல். குடும்பத்தலைவனின் அதிகாரத்தைக் கேட்க ஆளில்லாத ரோமாபுரி ஆட்சியில் இப்படிச் சொல்லப்பட்டது. மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உரிமை இருப்பதுபோலவே, கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உரிமை உண்டு என்று கொரிந்தியருக்கு எழுதியதும் இதே பவுல்தான். போன்ஹோஃபரும் இந்த விஷயத்தில் தன் காலத்தைத் தாண்டவில்லை. வீட்டுக்குக் கணவனே தலைவன், மனைவி அடங்கி நடக்க வேண்டும் என்று அந்த அருளுரையில் அழுத்தியே எழுதுகிறார். அவர்மேல் எவ்வளவு மதிப்பிருந்தாலும் அந்தப் பகுதியை என்னால் ஏற்க முடியாது.

வரதட்சணை வாங்குகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்றைக்கும் உண்டு. நகையும் ரொக்கமும் பேசி முடித்த பிறகுதான் ஓலைக்குப் பெயர் கொடுக்க வருகிறார்கள். உன்னைக் கொடு என்ற போதனையைக் கேட்டு வளர்ந்த மாப்பிள்ளை, எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் பீடத்துக்கு முன்னால் நிற்கிறார். சபை அதற்கு ஆசீர்வாதம் கூறுகிறது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

இன்னொன்று. கணவனிடம் அடிபட்டு ஆயர் வீட்டுக் கதவைத் தட்டுகிற பெண்ணிடம், பொறுத்துப் போ அம்மா, சிலுவையைச் சும என்று சொல்லி அனுப்புகிற வழக்கம் இன்னும் போகவில்லை. சிலுவை கிறிஸ்து தாமாக ஏற்றது. வேறொருவர் முதுகில் ஏற்றிவிட யாருக்கும் உரிமை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அவளுக்குத் துணை இருக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையத்தைக் கூப்பிடலாம். வீட்டை விட்டு வெளியே வந்தவள் வாக்கை முறித்தாள் என்று ஊர் பேசும், சபையிலும் சிலர் பேசுவார்கள். நேசிப்பேன், காப்பேன் என்று எல்லார் முன்னிலையிலும் ஆயருக்குப் பதில் சொன்னவன் அவள் கணவன். அவன் கை ஓங்கிய அன்றே அந்த வாக்கு முறிந்துவிட்டது. அதை முறித்தவள் அவள் இல்லை என்று அவளிடமும், சபையிடமும், தேவைப்பட்டால் அவள் பெற்றோரிடமும் சொல்ல வேண்டியது ஆயரின் கடமை.