ஸ்டென்ட் வைத்த பின் மாத்திரையை மாற்றலாமா?

(நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஓய்வு பெற்ற டாக்டர். இன்று சொல்லப்போவது படித்தது மட்டுமல்ல. என் அத்திம்பேருக்கு நடந்ததும்கூட.

ஹைதராபாத்வாசிகளான நமக்கு ஸ்டென்ட் புதிதல்ல. 1990களில் டாக்டர் அப்துல் கலாமும் இதய நிபுணர் டாக்டர் சோமராஜுவும் குறைந்த விலையில் ‘கலாம்-ராஜு ஸ்டென்ட்’டை உருவாக்கியது இங்கேதான். ஆனால் எந்த ஸ்டென்ட்டும் ரத்தக் குழாய்க்கு அந்நிய வஸ்து. அதன் மேல் மெல்லிய சவ்வு வளர்ந்து மூடும் வரை, ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. அதனால்தான் ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல், பிராசுக்ரெல், டிகாக்ரிலார் இவற்றில் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அத்திம்பேருக்கு வயது 68. ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரினும், காலை மாலை இருவேளை டிகாக்ரிலாரும் கொடுத்திருந்தார்கள். பத்து நாள் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில், “மூச்சு முட்டறதுடா” என்றார். “டாக்டர்கிட்ட சொல்லுங்கோ” என்று சொல்லிவிட்டு நான் பாயசத்தைக் கவனித்தேன். அவர் சொல்லவில்லை. தானாகவே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் நெஞ்சுவலி. ஸ்டென்ட் அடைத்துவிட்டது. மறுபடியும் ஆஞ்சியோபிளாஸ்டி, பகவத் கிருபையால் பிழைத்தார்.

மூச்சு முட்டுவது டிகாக்ரிலாரின் தெரிந்த பக்கவிளைவு. 2009இல் வெளியான ‘பிளேட்டோ’ ஆய்வில் 100 பேரில் சுமார் 14 பேருக்கு அது வந்தது. பெரும்பாலும் லேசாக வந்து தணிந்துவிடும். தாங்காவிட்டால் மாற்று மாத்திரை உண்டு. அத்திம்பேருக்குப் பிறகு பிராசுக்ரெல் கொடுத்தார்கள்.

மாற்றுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. பழைய மாத்திரையின் கடைசி டோஸ் எப்போது என்று பார்த்து, புதியதன் முதல் டோஸைப் பெரும்பாலும் பெரிதாகக் கொடுத்து, இடைவெளி விழாமல் மாற்றுவார்கள். முன்பு பக்கவாதம் வந்தவருக்குப் பிராசுக்ரெல் ஆகாது. குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். இந்தியர்களில் பலருக்கு அந்த மாற்றம் பிறவியிலேயே குறைவு. அசிடிட்டிக்கென்று நாமே ஒமெப்ரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டால் இன்னும் குறையும். அடுத்த வீட்டு மாமாவுக்கு ஒத்துக்கொண்டது நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நினைப்பது சரியல்ல.

உங்களிடம் சில வேண்டுகோள்கள். மாத்திரை மாற்றினால் பழைய பட்டையை வீட்டில் வைக்காதீர்கள். மறந்து இரண்டையும் போட்டால் ரத்தக் கசிவு ஏற்படும். மலம் கறுத்துப் போனால் உடனே சொல்லுங்கள். ஏகாதசி, சிராத்தம் என்று ஒரு வேளையும் விடாதீர்கள். சந்தேகமிருந்தால் வாத்தியாரையே கேளுங்கள், அவரும் போட்டுக்கொள்ளத்தான் சொல்வார். பல் பிடுங்குவதானாலும், ஆபரேஷனானாலும், இதய டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில், ஒருவர் மாத்திரையை மற்றவர் கவனிக்க வேண்டும். அன்று பந்தியிலிருந்து எழுந்து நானே டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.