குளியல் மாவு



நான் பிறந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. என் சிறு வயதில் அங்கே ரப்பர். அம்மா விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவர் லயத்துக்குத் திரும்பும்போது, விரல் இடுக்கிலும் முழங்கை மடிப்பிலும் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். அதை எடுப்பது என் வேலை. தேங்காய் எண்ணெய் பூசி, சற்று நேரம் விட்டு, விரலால் உருட்டினால் நூல் நூலாய்ச் சுருண்டு வரும். அடுத்த வீட்டு அத்தை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொள்வார். பால் உடனே போய்விடும். ஆனால் அவர் புறங்கை எந்நேரமும் வறண்டு வெடித்துக் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்குப் போக அம்மா பயற்று மாவு தேய்த்துக்கொள்வார். அந்த மாவைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நம் மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. செத்த செதில்கள் தாமாகவே உதிர்கின்றன. வியர்வையும் எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் அவை உதிராமல் படிந்துவிடும். மாவு அந்த எண்ணெயை இழுத்துக்கொண்டு, படிந்ததை மெல்ல உருட்டிக்கொண்டு வருகிறது. அது செய்யும் வேலை அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

செய்முறைக்கு வருவோம். பச்சைப்பயறு அரைக் கிலோ, பச்சரிசி 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், வெட்டிவேர் ஒரு பிடி, காய்ந்த ரோஜா இதழ் இரண்டு பிடி. பயறும் அரிசியும் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். மற்றவற்றைப் பட்டணத்து நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். வாங்கக் கையில் காசு இல்லையா? பயறும் அரிசியும் மட்டும் போதும். மீதியெல்லாம் பெரும்பாலும் வாசனைக்குத்தான். ஆனால் கஸ்தூரி மஞ்சள் இல்லையென்று சமையல் மஞ்சளைக் கொட்டிவிடாதீர்கள். உடம்பும் துண்டும் பள்ளிச் சட்டையின் கழுத்துப் பட்டையும் மஞ்சளாகும். துவைத்து மாளாது. கஸ்தூரி மஞ்சளைத் தூளாக வாங்காமல் கிழங்காக வாங்குங்கள். தூளில் எதைக் கலந்தார்கள் என்று நமக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். பயற்றைக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்குங்கள். நீளமாகப் போட்டால் மிக்சியின் கத்தியில் சுற்றிக்கொள்ளும். கிழங்குகளை முதலில் இடித்துக்கொண்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அரையுங்கள். அரைத்ததைச் சல்லடையில் ஒரு தடவை, மெல்லிய துணியில் ஒரு தடவை சலிக்க வேண்டும். இந்த இரண்டாம் சலிப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் அது தோலைக் கீறும். வெள்ளைப் பவுடர் போல் வழவழவென்று இருக்க வேண்டும். துணியில் தங்கிய கப்பியை எறிய வேண்டாம், குதிகாலுக்கு ஆகும்.

இரண்டு கரண்டி மாவைத் தண்ணீரில் குழைத்து, ஈர உடம்பில் பூசி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அது காய்ந்து இறுகும் வரை காத்திருக்க வேண்டாம். எண்ணெய்க் குளியல் நாளில் வாரம் ஒருமுறை போதும். புதிதாகப் பூசுகிறவர்கள் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அவர்களுக்கு அது ஆகாது. புண், சிரங்கு, படை உள்ள இடத்தில் தேய்க்கக் கூடாது. கைக்குழந்தைக்கும் வேண்டாம். அதன் தோல் மிக மெல்லியது. மாவுத் தூசி மூச்சில் ஏறினாலும் ஆபத்து. பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

உள்ளங்கை காய்ப்புக்கும் வெடித்த குதிகாலுக்கும் ஒரு கரண்டி சீனியும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்க்கலாம். முகத்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளிக் கலைநிகழ்ச்சிக்கு மாணவிகளுக்கு நடனம் பழக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி. நன்றாக ஆடுவாள். ஒரு திங்கட்கிழமை, கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டையோடு வந்தாள். கையை மடித்துவிடம்மா என்றேன், மாட்டேன் என்றாள். மெல்ல நானே மடித்துப் பார்த்தேன். இரண்டு கையும் தோலுரிந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. சீனியும் எலுமிச்சைச் சாறும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "வெள்ளையாப் போனா முன் வரிசையில நிக்க வைப்பீங்கல்ல, டீச்சர்?" என்றாள்.

அந்த வரிசையை வகுத்தவள் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் திரும்பிப் பார்த்தபோது, முன்னால் நின்றவர்கள் எல்லோரும் சிவந்த பிள்ளைகள். அன்றைக்கே உயரப்படி நிறுத்தினேன். அவள் இரண்டாவதாக வந்தாள். புண் ஆறப் பல நாள் ஆயிற்று. என்னால் அந்தக் கேள்வியை இன்றும் மறக்க முடியவில்லை.

தாய்மார்களே, தோலின் நிறம் மேலே படிந்த அழுக்கு அன்று. மேல்தோலின் அடியில் உள்ள அணுக்கள் மெலனின் என்ற நிறப்பொருளை உண்டாக்குகின்றன. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு அதுவே கூரை. எந்த மாவும் அங்கே எட்டாது. கறுத்த பிள்ளை இந்த மாவைத் தேய்த்துக் குளித்தால், சுத்தமான கறுத்த பிள்ளையாக வருவாள். எலுமிச்சைச் சாறோ நேர்மாறான வேலையைச் செய்யும். அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, பிறகு கரும்பட்டை விழுந்து, மாதக்கணக்கில் தங்கிவிடும்.

இரவுச் சந்தையில் விற்கிற 'ஏழு நாளில் சிவப்பாக்கும்' கிரீம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து, பெயரை வெளியிட்டுத் தடை செய்திருக்கிறது. பாதரசம் தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணியானால் வயிற்றுப் பிள்ளையையும் தொடும். யார் செய்தது, எங்கே செய்தது என்று டப்பாவில் எழுதாத எதையும் முகத்தில் பூசாதீர்கள்.

செம்பனைக் காட்டில் மருந்தடிக்கிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பாராகுவாட் 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு தடை செய்யப்பட்டது. மற்றக் களைக்கொல்லிகள் இருக்கின்றன. மருந்து மேலே பட்டால் உடுப்பைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். அன்றைக்கு மாவோ நாரோ போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டாம். கீறிய தோல் மருந்தை இன்னும் எளிதாக உள்ளே விடும். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்து ஊறப்போடவும் கூடாது.

நம் நாட்டு ஈரக் காற்றில் மாவு சீக்கிரம் வண்டு பிடிக்கும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, மூடி இறுக்கமான போத்தலில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுங்கள். கட்டி தட்டினாலோ பூசண வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். குளியலறைக் குழாயில் மாவு அடைத்துக்கொள்ளும். கடைசியாக இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வாருங்கள்.

இந்த ஞாயிறு வெயில் அடித்தால் பயற்றைக் காயப் போடுங்கள். மழை வந்தால் அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம்.