சந்தேகத்தின் பயன் பிள்ளைக்கே



கேரளக் கஞ்சா கடல் கடந்து வந்து நமது வடகரையில் பிடிபடும் செய்திகளை நாம் படித்து வருகின்றோம். வளர்ந்தவன் அதைப் புகைப்பது வேறு. 15 வயதுப் பிள்ளை புகைப்பது வேறு. அஃது ஏன்?

மூளை ஏறத்தாழ 25 வயதுவரை தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கின்றது. கமக்காரன் வேண்டாத வாய்க்காலைத் தூர்த்து, வேண்டியதற்கு வரம்பு கட்டுவதுபோல, அது வேண்டாத நரம்பிணைப்புகளை நீக்கி, வேண்டிய நரம்புகளுக்கு உறையிடுகின்றது. முன்பின் எண்ணித் தன்னை அடக்கும் ஆற்றலுக்குரிய நெற்றிப்புற மூளையே இறுதியில் முதிர்கின்றது. இவ்வேலையை நெறிப்படுத்துவதில் மூளை தானே சுரக்கும் சில பொருள்களுக்குப் பங்குண்டு. கஞ்சாவிலுள்ள ரீ.எச்.சீ. என்னும் இரசாயனம் அப்பொருள்களின் இருக்கையிலேயே சென்று அமர்கின்றது.

இனிச் சான்றுகளை நோக்குவோம். நியூசீலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளிற் பிறந்த 1,037 பேரை ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தனர். 2012இல் முடிவு வெளியாயிற்று. பதின்ம வயதிலே தொடங்கி நெடுங்காலம் கஞ்சாவுக்கு அடிமைப்பட்டிருந்தோரின் நுண்ணறிவு ஈவு, 13 வயதுக்கும் 38 வயதுக்குமிடையே சராசரி 8 புள்ளி குறைந்திருந்தது. பழக்கத்தைக் கைவிட்ட பின்னரும் அது முற்றாக மீளவில்லை. வளர்ந்தபின் தொடங்கியோரிடம் அத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை.

மறுதரப்புச் சாட்சியை மறைத்தல் முறையன்று. அமெரிக்க இரட்டையரை ஆராய்ந்து 2016இல் அறிக்கையிட்டோர், புகைத்தவரின் அறிவு புகையாத உடன்பிறப்பினதைவிட மிகுதியாகக் குறையவில்லை என்றனர். குடும்பமும் சூழலுமே காரணமாகலாம் என்பது அவர்தம் வாதம். ஆகவே வழக்கு ஐயமின்றி நிரூபிக்கப்பட்டதென்று நான் கூறமாட்டேன்.

நீதிமன்றிலே சந்தேகத்தின் பயன் எதிரிக்கே உரியது. ஆனால், இவ்வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்பது மனிதனன்று, கஞ்சா. அதற்குச் சந்தேகத்தின் பயனை அளித்து, மீட்கவொண்ணாத மூளையைப் பணயம் வைப்பது எந்த நியாயம்? 2018இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவிலேகூட, கியூபெக் மாகாணம் 2020இல் அதனை வாங்கும் வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்திற்று.

பெற்றோரே, மகன் அகப்பட்டால் அடித்து விரட்டாதீர்கள். காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பள்ளிப் பிள்ளைக்கு விற்பவனையோ சட்டத்தின் கையில் ஒப்படையுங்கள். அவன் நம் ஊரவனாயினும், உறவினனாயினும், மௌனம் சாதியாதீர்கள்!