சட்டத்தைக் காக்கும் படிப்பு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து இவ்வருஷம் யார் யாருக்கு உதவுவது என்னும் விஷயம் இன்று மாலை நிர்வாக சபையார் முன் வரவிருக்கின்றது. வைத்தியம், பொறியியல், கணக்கு முதலிய படிப்புகளுக்கு உதவுவதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. அரசியல் சாஸ்திரம் படிக்க விரும்பும் ஒரு மாணவியின் விண்ணப்பத்தைக் குறித்து மாத்திரம், “இப்படிப்பினால் என்ன பயன்? என்ன உத்தியோகம் கிடைக்கும்?” என்று அங்கத்தினர் சிலர் கேட்கின்றனர். குடும்ப பாரம் சுமப்போர் கேட்கும் நியாயமான கேள்வியே அது. அதனை இகழ்ந்து ஒதுக்காமல், நம்மால் இயன்ற விடையைக் கூறுவதே இன்று நமது நோக்கம்.

முதற்கண் இப்படிப்பு யாது எனத் தெளிதல் வேண்டும். தேர்தலில் எவர் ஜெயிப்பார் என்று ஊகிக்கும் திண்ணைப் பேச்சன்று இது. அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது, அதற்கு எல்லை யாது என்று ஆராய்வது அரசியல் தத்துவம். அவ்வெல்லையை எழுதி வைத்து, ஆளுவோரையும் அதற்கு அடங்கி நடக்கச் செய்வது அரசியல் சட்டம் தழுவிய ஜனநாயகம். ஒரு தேசத்தில் நிகழ்வது மற்றொரு தேசத்தாரின் வாழ்வை எவ்வாறு தாக்குகின்றது என்று காண்பது சர்வதேச உறவு பற்றிய கல்வி. இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. அதற்கு ஜெர்மனி தேசத்தின் சரித்திரமே தக்க சான்று.

முதல் மகா யுத்தத்தில் தோல்வியுற்று, சக்கரவர்த்தியும் முடி துறந்த பின்னர், ஜெர்மானியரின் பிரதிநிதிகள் வைமார் நகரில் கூடி 1919-ம் வருஷத்தில் ஓர் அரசியல் சட்டம் வகுத்தனர். இருபது வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமையும், பேச்சுரிமையும், கூட்டம் கூடும் உரிமையும், சங்கம் அமைக்கும் உரிமையும் அதில் இருந்தன. எனினும் அதன் 48-வது பிரிவு ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. பொது அமைதிக்குக் கேடு நேர்ந்தால் ஜனாதிபதி ஏழு அடிப்படை உரிமைகளைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம் என்பது அப்பிரிவு. அதனை ரத்துச் செய்யக் கோரும் அதிகாரம் சட்டசபைக்கு இருந்தது. சட்டசபையையே கலைத்துவிடும் அதிகாரமோ ஜனாதிபதிக்கு இருந்தது! காவற்காரனை வீட்டுக்கு அனுப்பும் உரிமை காவலுக்கு உட்பட்டவன் கையிலேயே இருந்தது போலாயிற்று.

1929-ம் வருஷத்தில் நியூயார்க் நகரின் பங்குச் சந்தை வீழ்ந்தது. ஜெர்மனிக்குக் கடன் கொடுத்திருந்த அமெரிக்கர் தம் பணத்தைத் திரும்பப் பெறலாயினர். தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 1932-ம் வருஷ ஆரம்பத்தில் வேலையற்றோர் தொகை அறுபது லக்ஷத்தை எட்டிற்று. கடல் கடந்த ஊரில் நிகழ்ந்த வீழ்ச்சி, மற்றோர் ஊரின் அடுப்பை அணைத்தது. அதன் பின்னர் அத்தேசத்தின் ஜனநாயகத்தையும் அணைத்தது. 1930 முதற்கொண்டே சட்டசபையின் சட்டங்களுக்குப் பதிலாக ஜனாதிபதியின் கட்டளைகள் தேசத்தை ஆளத் தொடங்கின. 1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதம மந்திரி பதவியேற்றார். பெப்ரவரி 27-ந் தேதி இரவு சட்டசபைக் கட்டிடம் தீப்பற்றியது. மறுநாளே அவ்வேழு உரிமைகளும் நிறுத்தப்பட்டன. நாம் இன்று இங்குக் கூடியிருக்கின்றோமே, இவ்வாறு கூடும் உரிமையும், சங்கம் அமைக்கும் உரிமையும் அவ்வேழினுள் அடங்கியவை.

அதன்பின் மார்ச் 23-ந் தேதி, மந்திரிசபையே அரசியல் சட்டத்திற்கு மாறாகவும் சட்டம் இயற்றலாம் என்னும் மசோதா 444 வாக்குகளால் நிறைவேறிற்று. எதிர்த்தோர் 94 பேர்; அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியார். கம்யூனிஸ்டு அங்கத்தினர் சபைக்கு வரவே விடப்படவில்லை. மண்டபத்தினுள் ஹிட்லரின் படையினர் நின்றிருந்தனர். அங்ஙனம் அச்சுறுத்திப் பெற்ற வாக்கேயாயினும், மூன்றில் இரண்டு பங்கு என்னும் கணக்கு மாத்திரம் பிசகாமல் காட்டப்பட்டது. விந்தை யாதெனில், வைமார் அரசியல் சட்டம் முறைப்படி ரத்துச் செய்யப்படவே இல்லை. ஏட்டில் அது இருந்தது, நாட்டில் இல்லை.

இனி நம் தேசத்திற்கு வருவோம். நமது அரசியல் சட்டம் 1949 நவம்பர் 26-ந் தேதி ஏற்கப்பெற்று, 1950 ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதனைத் திருத்தும் அதிகாரம் பார்லிமெண்டுக்கு உண்டு. அவ்வதிகாரம் அவசியமானதே. சென்னை ராஜ்யத்திலிருந்து எழுந்த செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பை அடுத்து, 1951-ம் வருஷத்து முதல் திருத்தம் வந்தது. கல்வியில் பின்தங்கிய வகுப்பாருக்கு விசேஷ ஏற்பாடு செய்ய அதுவே வழி கோலிற்று. ஆனால் திருத்துவதற்கும் ஓர் எல்லை உண்டா? மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருப்பின் சட்டத்தையே அழித்துவிடலாமா?

இக்கேள்வியை 1965-ம் வருஷத்தில் காசி ஹிந்து சர்வகலாசாலையின் சட்டத் துறையில் ஒருவர் எழுப்பினார். அவர் ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் சர்வகலாசாலையைச் சார்ந்த டீட்ரிக் கான்ராட். தம் தேசம் பட்ட பாட்டை அறிந்தவராதலின், இந்தியாவைத் தமிழகம் என்றும் ஹிந்துஸ்தானம் என்றும் இரண்டாகப் பிளக்கத் திருத்தம் செய்யலாமோ, முகலாயர் ஆட்சியை மீண்டும் நிறுவலாமோ என்றெல்லாம் அவர் வினவினார். அச்சொற்பொழிவு வக்கீல் எம். கே. நம்பியார் கைக்கு எட்டியது. 1967-ம் வருஷத்துக் கோலக்நாத் வழக்கில் அவர் அதனைச் சுப்ரீம் கோர்ட்டின் முன் வைத்தார். பின்னர் 1973 ஏப்ரல் 24-ந் தேதி கேசவானந்த பாரதி வழக்கில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்து, எழுவர்க்கு அறுவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தனர். அரசியல் சட்டத்தைத் திருத்தலாம். அதன் அடிப்படை அமைப்பைச் சிதைத்தல் ஆகாது என்பதே அத்தீர்ப்பு. நீதிபதி எச். ஆர். கன்னா தமது தீர்ப்பில் கான்ராடின் ஆராய்ச்சியை எடுத்துக்காட்டினார். அன்று காசியில் அவ்வுரையைக் கேட்டவர்களிடம் எவரேனும் “இதனால் என்ன பயன்?” என்று வினவியிருந்தால், அன்றைக்கு விடை கிடைத்திராது. எட்டு வருஷம் கழித்தே பயன் விளைந்தது.

படிப்பு ஒன்றே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1975 ஜூன் 25-ந் தேதி முதல் 1977 மார்ச் 21-ந் தேதி வரை நம் தேசத்தில் நெருக்கடி நிலை இருந்தது. விசாரணையின்றிச் சிறைப்பட்டவர் கோர்ட்டை நாடலாமா என்ற கேள்விக்கு, 1976-ல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் “ஆகாது” என்றனர். நால்வரும் கற்றவரே! மாறுபட்டு நின்ற ஒருவர் அதே கன்னா. பிரதம நீதிபதிப் பதவிக்கு உரிய முறை வந்தபொழுது அவரைத் தாண்டி இளையவரை நியமித்தனர். அவர் ராஜிநாமாச் செய்தார். 1977-ம் வருஷத் தேர்தலில் ஜனங்கள் தம் தீர்ப்பை அளித்தனர். 1978-ம் வருஷத்து 44-வது திருத்தத்தால், உயிருக்கும் சுதந்தரத்திற்கும் உரிய பாதுகாப்பை நெருக்கடி காலத்திலும் நிறுத்துதல் ஆகாது என்று ஏற்பட்டது. 2017-ல் சுப்ரீம் கோர்ட்டே அப்பழைய தீர்ப்பு தவறு என்று கூறிற்று. ஆதலின் அறிவும் வேண்டும்; அவ்வறிவைத் தாங்கும் நெஞ்சுரமும் வேண்டும்; இரண்டையும் மதிக்கும் ஜனங்களும் வேண்டும். அந்த ஜனங்கள் என்போர் நாமேயன்றி வேறு யாவர்?

அன்பர்களே! நமது சங்கமும் ஒரு சிறு ராஜ்யமே. இதற்கும் விதிகள் உண்டு, தேர்தல் உண்டு, வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்வோர் உண்டு. “நமக்குள் எதற்குத் தணிக்கை? இம்முறை போகட்டும்” என்று எவரேனும் கூறும்பொழுது, முகதாக்ஷண்யத்தால் நாம் வாய் மூடியிருக்கின்றோம். பெரிய ராஜ்யங்களும் அவ்விதம் வாய் மூடியிருந்தே கெட்டன. தற்காலிகம் என்று சொல்லி ஜெர்மனியில் நிறுத்திய உரிமைகள் பன்னிரண்டு வருஷம் திரும்பவில்லை. நம் வீட்டுப் பெண் ஒருத்தி இவற்றையெல்லாம் கற்று வந்து, நமது கூட்டத்திலேயே எழுந்து, “விதி என்ன சொல்கின்றது?” என்று கேட்பாளாயின், அது சங்கத்திற்கு இழிவன்று, காவலாகும்.

வைத்தியர் நம் உடலைக் காப்பர். பொறியாளர் பாலத்தைக் காப்பர். நோயுற்றவனும் பாலத்தின் மேல் நடப்பவனும் சுதந்தரமுள்ள பிரஜையாக இருக்கும்படி காப்பதற்கும் சிலர் பயிலுதல் வேண்டும். உத்தியோகம் பற்றிக் கேட்டோருக்கும் ஒரு வார்த்தை: வக்கீல் தொழில், ஆசிரியப் பணி, பத்திரிகைத் தொழில், சர்க்கார் பரீக்ஷைகள், வெளிநாட்டு இலாகா ஆகியவற்றுக்கெல்லாம் இக்கல்வி துணையாகும். எனினும் அதனை முன்னிட்டு மாத்திரம் நாம் பரிந்து பேசவில்லை.

நிர்வாக சபையார் இன்று மாலை அவ்விண்ணப்பத்தை ஏற்று, இக்கல்விக்கும் வருஷந்தோறும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமென்று பணிவுடன் வேண்டுகின்றோம். மாறுபட்ட அபிப்பிராயமுடையோர் எழுந்து பேசுவாராக; அதனையும் செவி கொடுத்துக் கேட்போம். பின்னர் வாக்கெடுத்து முடிவு செய்வோம். அம்முடிவு நமது வேண்டுகோளுக்கு மாறாயினும் அதற்குக் கட்டுப்படுவோம். அடுத்த வருஷம் மீண்டும் கேட்போம்.